எட்டாம் மாசத்துப் பிள்ளையும் மாலை போட்ட தகப்பனும்

தண்ணீர் குடிக்காமல் இருந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் தேயிலை நிரைக்குப் போய் நின்றால் பகல் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் ஒதுங்க இடம் கிடையாது. தேயிலைக்குள்ளே உட்கார்ந்தால் அட்டை, எழுந்து பார்த்தால் கங்காணி. அதனால் வாயை நனைத்துக்கொள்வோமே தவிர குடிக்க மாட்டோம். உடம்பு பழகிவிட்டது என்று நாமே சொல்லிக்கொள்வோம். மண் சரிந்து, வயிற்றில் பிள்ளையோடு முகாமுக்கு வந்தபோதும் நான் அதே பழக்கத்தில்தான் இருந்தேன்.

இதை எழுதச் சொன்னது எங்கள் பக்கத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற மிட்வைஃப் மிஸ். சிங்களப் பெண்தான், ஆனால் தமிழில் எங்களையே தோற்கடிப்பார். "நான் சொன்னா இந்தக் காதில வாங்கி அந்தக் காதில விடுறாளுக. நீ பட்டதை நீயே எழுதிக் குடு, மத்த முகாமுல இருக்கிற பிள்ளத்தாச்சிங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன்" என்றார். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் துணை.

எங்கள் தோட்டம் ஓப்பநாயக்க என்ற ஊருக்கு மேலே, மலையில். கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. ஒரு நாள் காலை நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் மண் கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. அடுப்பில் வைத்த தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினோம். மத்தியானத்துக்குள் மேல் லயம் மண்ணோடு போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அது அம்மன் செய்த புண்ணியம். எங்கள் லயத்து அறை, காம்பிரா என்போம், ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே காலை வைக்கக் கூடாது என்று கிராம சேவகர் சொல்லிவிட்டு, கீழே இருக்கிற சிங்கள ஸ்கூல் மண்டபத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனார்.

அங்கே கக்கூஸ் விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம். போகிற வழியெல்லாம் சேறு. படிக்கட்டில் எந்நேரமும் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், போன் சார்ஜ் போட அங்கேதான் பிளக். எட்டாம் மாசத்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவதற்கு எனக்கு வெட்கம். கதவில் கொண்டி வேறு இல்லை. அதனால் இருட்டு விலகுமுன் ஒரு தடவை, இருட்டிய பின் ஒரு தடவை. நடுவில் யாராவது தண்ணீர் நீட்டினால் "இப்பதான் குடிச்சேன்" என்பேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். எங்களுக்கு இதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய்விட்டன. மூன்றாவது தங்கியதும் மாலை போட்டு மலைக்கு வருவதாக வேண்டிக்கொண்டார். பிள்ளை தை கடைசியில்தான் பிறக்கும், அதற்குள் போய் வந்து மாலையைக் கழற்றிவிடலாம் என்பது எங்கள் நினைப்பு. மாலை கழுத்தில் ஏறிவிட்டால் அவரை நானும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும், பெற்ற தாயும் அப்படித்தான். முகாமிலும் அவரும் இன்னும் சில சாமிமாரும் மைதானத்து ஓரத்தில் தகரம் மறைத்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, தனியாகப் பொங்கித் தின்றார்கள். சிங்களச் சனங்கள் அவர்களுக்காக விறகு ஒதுக்கி வைத்தார்கள். மீன் டின் பங்கு வைக்கும்போது மட்டும், "சுவாமி மாத்தயா, ஒங்கட பங்கு எங்களுக்குத்தானே?" என்று ஒரு சிங்களப் பெரியவர் தினமும் மரியாதையாகக் கேட்டுவிட்டு வாங்கிப்போவார்.

முதலில் இடுப்புக்கு மேலே, முதுகில் ஒரு பக்கம் வலித்தது. பாயில் படுத்ததால் என்று நினைத்தேன். பிறகு குளிர் எடுத்துப் பல் அடித்தது. மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, "நனைஞ்சது சேரல. போர்த்திக்கிட்டுப் படு" என்றார். அடுத்த நாள் அடிவயிறு கல்லு மாதிரி இறுகுவதும் விடுவதுமாக இருந்தது. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ரோடு உடைந்து கிடக்கிறது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு அலுப்பு.

அன்றைக்கு மிட்வைஃப் மிஸ் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். என் நெற்றியைத் தொட்ட கையை எடுக்கவே இல்லை.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் மிஸ்."

"ஒண்ணுக்குப் போனியா?"

நான் பாயின் ஓரத்தைத் திருகினேன்.

"எப்ப போன? சொல்லு. எரியுதா?"

நான் அழுதுவிட்டேன். அவர் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். என்னைத் திட்டவில்லை. படிக்கட்டில் இருந்த ஆண்களைத்தான். "ஒரு பொம்பள போய்வர வழி விடாம இங்க என்ன பெரஹெரா ஊர்வலமா பாக்குறீங்க?" என்றார். அவர்கள் எழுந்த வேகத்தில் ஒருவருடைய போன் சேற்றில் விழுந்தது.

என்னைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு மண் விழுந்த இடத்தைத் தாண்டினார்கள். கதிரையின் முன் காலைப் பிடித்தது என் வீட்டுக்காரர். வழியெல்லாம் சரணம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் மூச்சு வாங்கி நிறுத்தும்போதெல்லாம் எனக்குப் பயம் கூடியது. மறுபுறத்தில் தோட்டத்து டிராக்டர், மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வராந்தா முழுக்க முகாம்களிலிருந்து வந்த பெண்கள். ஒருத்தி நடந்துகொண்டே இருந்தாள், ஒருத்தி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். எங்கே உட்கார்ந்தாலும் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கையில் ஊசி ஏற்றி சேலைன் போட்ட பிறகு ஒரு சின்ன வயசு டொக்டர் வந்து, சிங்களத்தில் நிதானமாக விளங்கப்படுத்தினார். சிறுநீர் தேங்கினால் கிருமி பெருகும். அது மூத்திரப் பையிலிருந்து மேலே ஏறி கிட்னியைப் பிடிக்கும். அந்தக் காய்ச்சல் கர்ப்பப்பையைச் சீண்டும், அது தனக்கு நேரம் வந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளையைத் தள்ளப் பார்க்கும். வலியை நிறுத்தி வைக்க ஒரு மாத்திரை, கிருமிக்கு ஒரு மருந்து, பிள்ளையின் நுரையீரல் முதிர என் தொடையில் ஒரு ஊசி. "ஊசி வேலை செய்யிற வரைக்கும் பிள்ளை உள்ளே இருந்தா எங்களுக்குப் பெரிய உதவி" என்றார்.

அது என் கையிலா இருக்கிறது? சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன், வயிற்றைத் தொடுவேன், திரும்பக் கடிகாரத்தைப் பார்ப்பேன். கந்த சஷ்டி கவசம் எனக்கு மனப்பாடம், ஆனால் பாதியில் அறுந்துபோய் மறுபடி முதலிலிருந்து வரும். எத்தனை தடவை ஆரம்பித்தேனோ தெரியாது, முடித்ததாக நினைவில்லை.

ஊசியின் வேலை முடிந்தும் முடியாமலும் இருக்கும்போதே, ஒரு பகல் வேளையில், பிள்ளை பிறந்துவிட்டாள். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிரசவம் பார்த்த நர்ஸ் மிஸ் என் முகத்துக்கு நேரே ஒரு தடவை காட்டினார். தோல் சிவப்பாக, மெல்லியதாக இருந்தது, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது. ஒரு சீனிப் பாக்கெட்டை விடக் கொஞ்சம் கனம் இருக்குமோ என்னவோ. உடனே கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று மருந்தை மாற்றினார்கள். எழுந்து நின்றால் சுவர் சுற்றும். பிள்ளை கீழ் மாடியில், குறைமாசப் பிள்ளைகளின் அறையில். நான் மேல் மாடியில், ஜன்னல் ஓரத்துக்கு அடுத்த கட்டிலில். பக்கத்துக் கட்டிலில் ரிஸ்னா என்ற முஸ்லிம் பெண், பெல்மதுளைப் பக்கத்தில் அவர்களுடைய துணிக்கடை வெள்ளத்தில் போயிருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்த அவளுடைய மகன் அவளோடேயே கிடந்தான். அவன் பால் குடிக்கிற சத்தம் கேட்கும்போது நான் போர்வையால் காதை மூடிக்கொள்வேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது, பிறகு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கொடுத்தாள். உடுத்தியிருந்ததோடு வந்த எனக்குத் தன்னுடைய ஒரு நைட்டியையும் தந்தாள். "வெள்ளத்தில நனைஞ்ச ஸ்டொக் அக்கா. கலர் போனா என்னைத் திட்டப்படாது" என்றாள்.

ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை, அதற்கு அரசாங்கத்துக்குப் புண்ணியம். ஆனால் பெட்டி போதவில்லை. சூடு வைக்கிற கண்ணாடிப் பெட்டி என்று சொல்கிறார்களே, அது. ரோடு உடைந்த ஆஸ்பத்திரிகளின் பிள்ளைகளும் இங்கேதான் வந்திருந்தன. என் பிள்ளை தானாக மூச்சு விட ஆரம்பித்திருந்ததால், அவளை விட மோசமான ஒன்றுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. கீழிருந்து ஒரு நர்ஸ் மிஸ் ஏறி வந்தார். வெளியே எடுத்தால் பிள்ளையின் உடம்பு சில்லிட்டுப் போகிறது, குறைமாசப் பிள்ளைக்குச் சொந்தமாகச் சூடு பிடித்து வைக்கத் தெரியாது, சில நேரம் மூச்சு விடவே மறந்துபோகும் என்றார். இதற்கு மருந்து மனுஷ உடம்புதான். பிள்ளையைத் துணியில்லாமல் நெஞ்சில் நெஞ்சு ஒட்ட வைத்து, மேலே கட்டிவிட வேண்டும், மணிக்கணக்காக. கங்காரு தன் குட்டியை வைத்துக்கொள்கிற மாதிரி என்று அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

"ஒங்களுக்கு ஏலாது, காய்ச்சல். பபாவோட தாத்தா எங்க?" என்றார். சிங்களத்தில் பபா என்றால் கைக்குழந்தை, தாத்தா என்றால் அப்பா.

பபாவின் தாத்தா கேட்டுக்கு வெளியே நின்றார். பிள்ளை பிறந்ததிலிருந்து அவர் உள்ளே வரவில்லை. பிள்ளை பிறந்த தீட்டு மாலைக்கு ஆகாது. ஒன்று, தீட்டுக் கழியும் வரை பிள்ளை முகமும் என் முகமும் பார்க்காமல் விலகியிருக்க வேண்டும். இல்லை, மாலையை இறக்கிவிட வேண்டும். பாதியில் மாலை இறக்குவது நல்லதில்லை என்று எங்கள் பக்கம் ஒரு பெரிய பயம் உண்டு. மாமி முகாமிலிருந்து போனில் சொல்லியிருந்தார்: "யாருக்காகச் சாமி போட்டீங்க இந்த மாலையை? அந்தப் பிள்ளைக்குத்தானே? வேண்டுதலை நடுவுல விட்டுட்டா அது யாரு தலையில விழும்? ரெண்டு போனது போதாதா?"

மாமியைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இன்னும் சொல்லப்போனால், அவரை விட எனக்குத்தான் அதிகம்.

பார்வை நேரத்தில் அவர் வார்ட் வாசல் வரைக்கும் வந்தார். கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் மாலை. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழேயே மிஸ் அவரைப் பிடித்து, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தார். "மல்லி, மாலையோட பபாவைப் போட ஏலாது. அந்தக் கொட்டை தோலைக் கிழிச்சிரும்" என்றாராம். ஆக, தீட்டைப் பார்க்காமல் விட்டாலும் மாலையோடு பிள்ளையைத் தொட முடியாத நிலைமை.

"அம்மா வேணாங்குது" என்றார்.

"அம்மா பிள்ளையப் பாத்தாங்களா?"

"இல்ல."

"நீங்க?"

"நான் எப்படிப் பாக்கிறது?"

"நான் பாத்தேன் சாமி" என்றேன். கழற்றுங்கள் என்று சொல்ல வாய் எழவில்லை. சொல்லி, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? சொல்லாமல், இன்றைக்கே ஒன்று ஆகிவிட்டால்?

அவர் இறங்கிப் போனார். மாலை போட்டுவிட்ட குருசாமிக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார், மலைப்பக்கம் டவர் விழுந்து லைன் இல்லை. மாலையை இறக்குவதென்றால் குருசாமி முன்னால், இல்லாவிட்டால் தாயார் கையால், ஒரு சந்நிதியில் இறக்க வேண்டும். குருசாமி கிடைக்கவில்லை, தாயார் மாட்டேன் என்கிறார், எங்கள் கோயிலுக்குப் போகிற வழி மண்ணுக்குள்.

ரிஸ்னா தையல் வலியோடு எழுந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி முற்றத்தில் அரச மரத்தடியில் புத்தர் சிலை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு பிள்ளையார்.

"அக்கா, ஒங்கட அவரு அந்த மரத்தடியில நிக்கிறாரு."

"என்ன செய்றாரு?"

"சும்மா நிக்கிறாரு. இப்ப குழாய்க்குப் போறாரு... அல்லாஹ்வே, தலையோட தண்ணி ஊத்துறாரு! மழையில நின்னுக்கிட்டு எதுக்கு அக்கா குளிக்கிறாரு?"

"நீ பாரு, பாத்துச் சொல்லு."

"மாலையைப் பிடிச்சிட்டாரு. கழட்டுறாரு... இல்ல. திரும்பப் போட்டுட்டாரு. இருங்க, நடக்கிறாரு. கேட் பக்கம் போறாரு அக்கா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட் பக்கம் போனால் முகாமுக்குத்தான். அப்போது நான் ஐயப்பனிடமும் கேட்கவில்லை, அம்மனிடமும் கேட்கவில்லை. பிள்ளையின் உடம்பு எவ்வளவு சில்லிட்டிருக்கும் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நின்னுட்டாரு" என்றாள் ரிஸ்னா. ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். "திரும்பி வாறாரு. பிள்ளையார்கிட்ட குந்திட்டாரு. என்னமோ பேசுறாரு அக்கா, சண்டை பிடிக்கிற மாதிரி கையெல்லாம் ஆட்டிப் பேசுறாரு." பிறகு அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "கழட்டிட்டாரு. கூட்டுக்கு முன்னால வெச்சிட்டாரு. விழுந்து கும்பிடுறாரு... அக்கா, ஓடி வாறாரு. செருப்பு அங்கேயே கெடக்கு."

அதற்குப் பிறகு நடந்ததைக் கீழே இருந்த மிஸ் சிரித்துச் சிரித்துச் சொன்னார். வெறும் மேலோடு ஈரம் சொட்ட வந்து நின்ற ஆளைத் துடைத்து, காய வைத்து, சாய்வுக் கதிரையில் உட்கார வைத்தார்களாம். "மத்த அப்பாமாரை ஷர்ட்டைக் கழட்டச் சொன்னா வெட்கப்படுவாங்க. சாமிக்கு அந்தக் கவலையே இல்ல" என்றார். பிள்ளையை நெஞ்சில் வைத்ததும் இவர் மூச்சையே பிடித்துக்கொண்டாராம். "மல்லி, நீங்க மூச்சு விடுங்க. ஒங்கட மூச்சைப் பாத்துத்தான் அவ விடுவா" என்று மிஸ் சொன்னாராம். பிள்ளை மூச்சை மறந்தால் உள்ளங்காலைச் சுரண்ட வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தார்கள். அன்று பொழுது சாயும்போது சூடு பார்த்த மிஸ் மேலே ஆள் அனுப்பினார்: பிள்ளை உடம்பு சூடாகிவிட்டது.

ரிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. சூடு திரும்ப இறங்கிவிடுமோ என்ற யோசனையிலேயே கிடந்தேன். என் பாலைப் பீச்சி ஒரு சின்னக் கோப்பையில் அனுப்புவேன், மூக்கில் போட்ட மெல்லிய குழாய் வழியாகப் பிள்ளைக்குப் போகும். கோப்பை காலியாகத் திரும்பி வந்தால்தான் எனக்கு நிம்மதி, அதுவும் அடுத்த கோப்பை வரைக்கும்.

என் காய்ச்சல் விட்டு, என்னைத் தள்ளுவண்டியில் கீழே கொண்டுபோன அன்று பிள்ளையை முதல் தடவையாக என் நெஞ்சில் வைத்தார்கள். அவள் நெளிந்து அழுதாள். அப்பாவின் வியர்வை வாசம் பழகியிருந்தது போல. எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் அசட்டுச் சிரிப்போடு, "அம்மா ஒன்னைச் சுமந்தவ சாமி, கோவிச்சுக்காத" என்று பிள்ளையிடம் சொன்னார். கழுத்தில் மாலை இல்லாமல், பிள்ளையைச் சாமி என்று கூப்பிட்டார்.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நேரத்தில் டொக்டர் கேட்டார், "எங்க கொண்டுபோகப் போறீங்க?" முகாமுக்குத்தான் என்றோம். இருமல் சளியோடு நூறு பேர் கிடக்கிற மண்டபத்துக்கு இந்தப் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றார் டொக்டர். மிட்வைஃப் மிஸ்தான் ஸ்கூல் அதிபரிடம் போய் நின்று, விளையாட்டுச் சாமான் வைக்கிற சின்ன அறையைக் கேட்டு வாங்கினார். பக்கத்திலேயே பெண்களுக்கு என்று கொண்டி வைத்த கக்கூஸ் ஒன்றும் வந்தது. அங்கே போய் இறங்கியபோது மாமி அறையைக் கழுவி, சாணம் கிடைக்காமல் மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். மகனோடு பேசவில்லை. மாலையை இறக்கியது தப்புத்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார். சொல்லிக்கொண்டேதான் பிள்ளையின் துணியைத் தணலில் காட்டிச் சூடு பண்ணித் தருகிறார். தப்பா சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஐயப்பன் கேட்டால் என் வீட்டுக்காரர் பதில் சொல்லிக்கொள்வார், நானும் பக்கத்தில் நிற்பேன்.

பிள்ளை கனம் ஏறுகிறாள். ஆனாலும் எனக்கு ஓய்வில்லை. தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன், மேகம் கட்டினால் எழுந்துபோய் மலையைப் பார்ப்பேன். இந்தப் புது இடத்தில் இதை எழுதுகிற நேரத்திலும் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

நேற்று மத்தியானம் மழை மறுபடி அடித்தது. ஸ்கூலுக்கு மேலே உள்ள மேட்டிலும் மண் அசைகிறது, எல்லோரும் உடனே கிளம்புங்கள் என்று ஸ்பீக்கரில் சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார்கள். நான் பாயைச் சுருட்டவா, பால் கோப்பையை எடுக்கவா என்று திகைத்து நின்றேன். மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போயிருந்த அவர் ஓடி வந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார்.

"எங்கங்க போகச் சொல்றாங்க?" என்றேன்.

"மொதல்ல பிள்ளையைக் குடு. எங்கேன்னு நடந்துக்கிட்டே கேட்டுக்கலாம்."

பிள்ளையை நெஞ்சுக்குள் வைத்தார். இத்தனை நாளாக மகன் முகம் பார்த்துப் பேசாத மாமி, தன்னுடைய மாற்றுச் சேலையை உதறி எடுத்து, இரண்டு பேரையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். "தலை நனையாம பிடிடா" என்றார். நாங்கள் மழைக்குள் இறங்கினோம்.